மெட்ஃபார்மின் நஞ்சாகும்போது: எந்த டயாலிசிஸ், எத்தனை மணிக்குள்?

“பிபி இவ்ளோ கம்மியா இருக்கே டாக்டர், இப்போ டயாலிசிஸ் போட்டா அப்பா தாங்குவாரா?”

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாத இரவில், ஐசியூ கதவுக்கு வெளியே நின்று ஒரு மகன் கேட்டது இது. உள்ளே நாங்களும் அதையேதான் எங்களுக்குள் கேட்டுக்கொண்டிருந்தோம். அன்று நான் அவருக்குச் சொன்ன பதிலை இன்று சொல்ல மாட்டேன்.

அவருடைய அப்பாவுக்கு 61 வயது. பல வருடச் சுகர். இரண்டு டாக்டர்களிடம் காட்டிக்கொண்டிருந்தார். இருவரும் எழுதிய மாத்திரைகளின் பெயர் வேறு வேறு. உள்ளே இருந்த மருந்து ஒன்றுதான், மெட்ஃபார்மின். பல வாரமாக இரட்டிப்பு அளவு போயிருக்கிறது. அந்த வெயிலில் மூன்று நாள் வயிற்றுப்போக்கு வேறு. சாப்பாடு இறங்கவில்லை, மாத்திரையை மட்டும் அவர் விடவில்லை. உடம்பு வற்றியதும் சிறுநீர் குறைந்தது. மெட்ஃபார்மினுக்கு உடம்பை விட்டு வெளியேற சிறுநீரகத்தைத் தவிர வேறு வாசல் கிடையாது. ஈரல் அதை உடைப்பதில்லை. உள்ளே போன உருவத்திலேயே சிறுநீரில் வெளியேறும். அந்த வாசல் மூடினால் அன்றாட மாத்திரையே நஞ்சாகச் சேரத் தொடங்கிவிடும்.

அவர் வரும்போது மூச்சு நிமிடத்துக்கு 36. பிபி 80/40. ரத்தத்தின் அமிலத்தையும் வாயுக்களையும் அளக்கும் ஏபிஜி பரிசோதனையில் பிஹெச் 7.02 (இது இறங்க இறங்க ரத்தம் அமிலமாகிறது என்று பொருள்), ரத்தத்தில் சேரும் அமிலக் கழிவான லாக்டேட் 16. சிறுநீரகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 6.8. அந்த மருத்துவமனையில், நாள் முழுக்க மெதுவாக ஓடும் டயாலிசிஸான சிஆர்ஆர்டிக்கு இயந்திரம் இல்லை. டயாலிசிஸ் யூனிட் காலையில்தான் திறக்கும். பிபி கொஞ்சம் ஏறட்டும், அதுவரை அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் ஓடட்டும் என்று முடிவெடுத்தோம். அப்போது மணி ஒன்றரை. ஐந்தரைக்கு லாக்டேட் 21 ஆகியிருந்தது. பிபியை ஏற்றும் மருந்தான நார்அட்ரினலின் மூன்று மடங்கு ஏறியிருந்தது. டயாலிசிஸ் போட்டபோது ஏழு மணி. பத்து மணிக்குள் இதயம் நின்றுவிட்டது.

முன்னாலேயே போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பிபி ஏறட்டும் என்று காத்திருந்தோமே, அந்த பிபி காத்திருப்பதால் ஏறுகிற பிபி அல்ல. அதை இப்போது நன்றாக அறிவேன்.

மெட்ஃபார்மின் மீது யாருக்கும் பயம் வந்துவிடக் கூடாது, அதனால் ஒரு விஷயத்தை உடனே சொல்லிவிடுகிறேன். 1957இல் பிரான்சில் ழான் ஸ்டெர்ன் இதை முதன்முதலில் நீரிழிவுக்குப் பயன்படுத்திக் காட்டினார்; இன்று உலகத்தில் அதிகம் பேர் விழுங்கும் சுகர் மாத்திரைகளில் இதுவும் ஒன்று. இதன் உறவுக்கார மருந்தான ஃபென்ஃபார்மினை, லாக்டேட் குவிந்து ரத்தம் அமிலமாகும் லாக்டிக் அசிடோசிஸ் காரணமாக அமெரிக்கா 1977இல் விலக்கியது; மெட்ஃபார்மினில் அந்த ஆபத்து மிகவும் குறைவு. ஒரு லட்சம் பேர் ஒரு வருடம் சாப்பிட்டால் பத்துக்கும் குறைவானவர்களுக்கே அப்படி ஆகும் என்பது பொதுவான கணக்கு. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்கள் டாக்டர் சொன்ன அளவில் சாப்பிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. இங்கே பேசுவது அளவு எல்லை மீறியவர்களைப் பற்றி, அல்லது மருந்து வெளியேற வழியில்லாமல் போனவர்களைப் பற்றி மட்டும்.

உள்ளே என்ன நடக்கிறது? நம் செல்களுக்கு எரிபொருளைச் சக்தியாக மாற்றித் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் முதல் கட்டத்தையே மெட்ஃபார்மின் அடைக்கிறது. செல்கள் ஆக்சிஜன் இருந்தும் ஆக்சிஜன் இல்லாததுபோல் வேலை செய்கின்றன, லாக்டேட் குவிகிறது. அதைத் திரும்பக் குளுக்கோஸாக்க வேண்டிய ஈரலையும் அதே மருந்துதான் தடுத்து வைத்திருக்கிறது. ரத்தம் அமிலமாகிறது. அமில ரத்தத்தில் ரத்தக்குழாய்கள் தளர்ந்துபோகும். நார்அட்ரினலின் ஏற்றினாலும் அதற்கு அவை சரியாகக் கட்டுப்படாது. ஆகவே பிபி இறங்கியிருப்பதற்குக் காரணமே மருந்தும் அமிலமும்தான். காரணத்தை எடுக்காமல் விளைவு சரியாகும் என்று உட்கார்ந்திருப்பது நேரத்தை இழப்பதாகும்.

மாத்திரைக்குள் வேறு என்ன இருந்தது?

எந்த டயாலிசிஸ் என்று யோசிப்பதற்கு முன்பே இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். சென்னையில் பாதிப் பேரின் மாத்திரைப் பையைத் திறந்தால் மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் ஒரே மாத்திரையில் சேர்ந்திருக்கும். இரண்டு மருந்துகளும் நஞ்சாகும் விதம் வேறு; ஒன்றுக்குப் பலன் தரும் சிகிச்சை மற்றொன்றுக்குப் பயன்படாது.

கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை கணையத்தை உலுக்கி இன்சுலினைக் கொட்டச் செய்பவை. ரத்தத்தில் 99 சதவீதத்துக்கும் மேல் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் டயாலிசிஸ் வடிகட்டியில் வெளியேறாது. இங்கே உயிரைப் பறிப்பது சுகர் இறங்குவதுதான். டெக்ஸ்ட்ரோஸ் ஊசி உடனே போட வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் டெக்ஸ்ட்ரோஸ் மட்டுமே திரும்பத் திரும்பப் போட்டால், ஏறும் சுகரைப் பார்த்துக் கணையம் இன்னும் இன்சுலின் கொட்டும்; ஒரு மணி நேரத்தில் சுகர் மறுபடி சரியும். இன்சுலின் சுரப்பதையே அடக்கும் ஆக்ட்ரியோடைட் 50 மைக்ரோகிராம், ஆறு மணிக்கொரு முறை தோலுக்கடியில் போடுவது அந்தச் சுழலை உடைக்கும். சுகர் தேறிவிட்டது என்று எண்ணி அன்றே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. குறைந்தது 24 மணி நேரமாவது கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

இரண்டும் சேர்ந்த மாத்திரை என்றால் இரண்டு சிகிச்சையும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். அதில் ஒரு பள்ளம் இருக்கிறது, விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்: டயாலிசிஸ் திரவத்தில் குளுக்கோஸ் இல்லையென்றால், மெட்ஃபார்மினை வெளியேற்றும்போதே ரத்தத்தில் இருக்கும் சுகரும் வெளியே போகும். டயாலிசிஸ் ஓடும் நேரம் முழுக்க மணிக்கு ஒருமுறையாவது விரலைக் குத்திப் பார்த்தே ஆக வேண்டும். மயக்க மருந்தில் இருப்பவருக்கு சுகர் இறங்கினால் வியர்வையைத் தவிர வேறு எதுவும் நமக்குச் சொல்லாது.

இனி மெட்ஃபார்மின்.

காத்திருப்பது என்ற வழி

லேசான பாதிப்புக்கு இது சரியான வழி. பிஹெச் 7.25க்கு மேல், லாக்டேட் ஐந்தோ ஆறோ, சிறுநீர் வருகிறது, பிபி நிலையாக இருக்கிறது என்றால் டிரிப்ஸ் ஏற்றி, மாத்திரையை நிறுத்தி, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏபிஜி பார்த்தால் போதும். நன்றாக இருக்கும் சிறுநீரகம் நிமிடத்துக்கு 500 மில்லி அளவு ரத்தத்திலிருந்து மெட்ஃபார்மினைச் சுத்தம் செய்யும். எந்த இயந்திரமும் அதற்கு ஈடாகாது. விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வந்தவருக்கு, நினைவு தெளிவாக இருந்தால், வயிற்றில் இருக்கும் மருந்தை உறிஞ்சும் கரித்தூளும் பயன்படும்.

பிரச்சினை எங்கே என்றால், மோசமான பாதிப்புக்கும் இதே வழியைப் பைகார்பனேட்டோடு சேர்த்து நீட்டுவதில்தான். நம் ஊரில் கிடைக்கும் 7.5 சதவீத பைகார்பனேட் ஆம்பூல் ஒன்று 25 மில்லி. பத்து ஆம்பூல் போட்டால் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் நார்மல் சலைனில் இருக்கும் அளவு சோடியம் உள்ளே போய்விடும். சிறுநீர் வராத ஒருவருக்கு அந்த உப்பும் நீரும் நுரையீரலில்தான் போய்ச் சேரும். பொட்டாசியமும் கால்சியமும் இறங்கும். கால்சியம் இறங்கினால் ஏற்கெனவே திணறும் இதயம் இன்னும் தளரும். உண்டாகும் கரியமில வாயுவை வேறு நுரையீரல் வெளியே தள்ள வேண்டும். இத்தனைக்கும் மெட்ஃபார்மினில் ஒரு துளிகூட வெளியே போயிருக்காது. டயாலிசிஸ் குழாய் போட ஆள் வந்துகொண்டிருக்கிறது, இன்னும் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்றால் பைகார்பனேட் கொடுப்பேன். அதற்கு மேல் அதை நம்ப மாட்டேன்.

எந்தக் கோட்டைத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது என்பதற்கு, நஞ்சு நீக்கச் சிகிச்சைகளை ஆராயும் எக்ஸ்ட்ரிப் என்ற சர்வதேச நிபுணர் குழு 2015இல் தெளிவான எல்லைகளை வகுத்தது. லாக்டேட் 20க்கு மேல், அல்லது பிஹெச் 7.0 அல்லது அதற்குக் கீழ், அல்லது மற்ற சிகிச்சைகள் பலன் தரவில்லை என்றால் டயாலிசிஸ் செய்தே ஆக வேண்டும். லாக்டேட் 15 முதல் 20 வரை, பிஹெச் 7.0 முதல் 7.1 வரை இருந்தாலும் செய்வது நல்லது. பிபி விழுந்த அதிர்ச்சி நிலை, சிறுநீரகச் செயலிழப்பு, ஈரல் செயலிழப்பு, நினைவு குறைவு இவற்றில் ஏதாவது இருந்தால் அந்த எல்லைக்கு இன்னும் முன்னாலேயே தொடங்கலாம். அந்த 61 வயதுக்காரருக்கு முதல் ஏபிஜியிலேயே இந்தக் கட்டங்களில் எத்தனை நிறைந்திருந்தன என்பதைத் திரும்ப எண்ணிப் பார்த்த நாள் எனக்கு மறக்காது. ரத்தத்தில் மெட்ஃபார்மின் அளவைப் பரிசோதித்து வரட்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த ரிப்போர்ட் வருவதற்குள் முடிவு நம் கையை விட்டுப் போயிருக்கும்.

வழக்கமான டயாலிசிஸா, சிஆர்ஆர்டியா?

உண்மையான வாதம் இங்கேதான். பிபி குறைவாக இருக்கும் நோயாளிக்கு மெதுவாக, நாள் முழுக்க ஓடும் சிஆர்ஆர்டிதான் பாதுகாப்பு என்பது ஐசியூக்களில் ஊறிப்போன பழக்கம். கிருமித்தொற்று உடம்பெங்கும் தாக்கிய செப்சிஸ் நோயாளிக்கு அந்தப் பழக்கத்தில் நியாயம் இருக்கிறது. நஞ்சு ஏறியவருக்கு அதை அப்படியே கொண்டுவரக் கூடாது.

ஒரு சின்னக் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு சிஆர்ஆர்டி வழக்கமான அளவில், அதாவது கிலோவுக்கு மணிக்கு 30 மில்லி என்று ஓட்டினால், மணிக்கு 1,800 மில்லி திரவம் வெளியேறும். நிமிடத்துக்கு 30 மில்லி. இயந்திரத்திலிருந்து எவ்வளவு திரவம் வெளியேறுகிறதோ அதற்கு மேல் ரத்தம் சுத்தமாக முடியாது. ஆகவே உச்சபட்சமே நிமிடத்துக்கு 30 மில்லி ரத்தம்தான். வழக்கமான டயாலிசிஸில் ரத்தம் நிமிடத்துக்கு 250 முதல் 300 மில்லி, திரவம் 500 மில்லி ஓடும். மெட்ஃபார்மின் சின்ன மூலக்கூறு, புரதத்தோடு ஒட்டுவதில்லை. வடிகட்டியில் தாராளமாக நழுவிப் போகும். நிமிடத்துக்கு 180 மில்லி சுத்தமாகிறது என்று வைத்துக்கொண்டால், ஆறு மணி நேரத்தில் 65 லிட்டர். அதே ஆறு மணி நேரத்தில் சிஆர்ஆர்டி 11 லிட்டர். ஒரு முழு நாள் ஓடினாலும் 43தான். முதல் ஆறு மணி நேரம்தான் உயிரை நிர்ணயிக்கிறது என்றால், இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்க எனக்கு நேரம் தேவைப்படாது. அதே எக்ஸ்ட்ரிப் குழுவும் முதலில் வழக்கமான டயாலிசிஸ், அது கிடைக்காவிட்டால் சிஆர்ஆர்டி என்றே சொல்கிறது.

சரி, பிபி? மகன் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. டயாலிசிஸில் பிபி இறங்குவதற்குப் பெரிய காரணம் உடம்பிலிருந்து நீரை இழுப்பது. வாரம் மூன்று முறை வருகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று லிட்டர் நீரை எடுக்கிறோம். அவர்கள் தலைசுற்றிச் சாய்வதைப் பார்த்துப் பார்த்து, டயாலிசிஸ் என்றாலே பிபி விழும் என்ற எண்ணம் எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. மெட்ஃபார்மின் நோயாளியோ வற்றிப்போய் வந்திருப்பவர். அவரிடமிருந்து ஒரு சொட்டு நீரும் எடுக்க வேண்டாம். இயந்திரத்தில் நீர் எடுக்கும் அளவைப் பூஜ்யத்தில் வைத்து, நஞ்சை மட்டும் எடுக்கலாம். ரத்த ஓட்டத்தை 150இல் தொடங்கி, அரை மணியில் படிப்படியாக ஏற்றலாம். தொடங்குவதற்கு முன்பே நார்அட்ரினலினைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளலாம். திரவத்தில் கால்சியம் போதிய அளவு இருக்கிறதா என்று டெக்னீஷியனிடம் கேட்டுக்கொள்ளலாம். முதல் இருபது நிமிடம் எல்லோருக்கும் நெஞ்சு படபடக்கும், எனக்கும்தான். அதைத் தாண்டினால், பிஹெச் ஏற ஏற ரத்தக்குழாய்கள் மறுபடி மருந்துக்குக் கட்டுப்படத் தொடங்குவதை மானிட்டரிலேயே பார்க்கலாம்.

இதை நான் வெறும் கணக்காகச் சொல்லவில்லை. இரண்டு ஆண்டு கழித்து ஐம்பதுகளில் இருந்த ஒரு அம்மா வந்தார், இதேபோல் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிட்டவர். பிஹெச் 6.95, லாக்டேட் 19, பிபியை ஏற்றும் மருந்துகள் இரண்டு விதமாக ஓடின. இந்த முறை சிறுநீரக டாக்டரான நெஃப்ராலஜிஸ்ட்டை வீட்டிலிருந்து வரவழைத்து, கழுத்தில் குழாய் போட்டு, வந்த ஒன்றே கால் மணி நேரத்தில் வழக்கமான டயாலிசிஸைத் தொடங்கிவிட்டோம். இரண்டாவது மணி முடியும்போது நர்ஸ் ஓடி வந்து, “டாக்டர், நார்அட்ரைப் பாதியாக்கிட்டேன்” என்று சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது.

சிஆர்ஆர்டிக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. மூளை வீக்கம் இருக்குமோ என்ற சந்தேகம், ஈரல் முற்றிலும் விழுந்த நிலை, அல்லது வழக்கமான டயாலிசிஸைத் தொடங்கியும் பிபி அறவே நிற்காத நிலை, இங்கெல்லாம் அது கைகொடுக்கும். அப்படிப் போடுவதானால் அளவை வழக்கத்தைவிடக் கூட்டித்தான் ஓட்ட வேண்டும். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று, திரவம் பைகார்பனேட் கலந்ததாக இருக்க வேண்டும். லாக்டேட் கலந்த பைகளை எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதுபோல் ஊற்றிவிடக் கூடாது. வயிற்றுவழி டயாலிசிஸ் இங்கே உதவாததற்கும் அதன் மந்தமான வேகத்தோடு இதுவும் ஒரு காரணம். மற்றொன்று, ரத்தம் உறையாமலிருக்க சிட்ரேட் பயன்படுத்தினால், அதை எரிக்க வேண்டிய ஈரலும் மைட்டோகாண்ட்ரியாவும் முடங்கிக் கிடப்பதால் சிட்ரேட்டே சேர்ந்துவிடும். நான் தவிர்த்துவிடுவேன்.

செலவைப் பேசாமல் இந்த ஒப்பீடு முழுமையாகாது. சிஆர்ஆர்டிக்கான வடிகட்டி செட்டும் திரவப் பைகளும் ஒரு நாளைக்கே வழக்கமான டயாலிசிஸைவிடப் பல மடங்கு ஆகும். நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். செலவு அதிகமான சிகிச்சைதான் உயர்ந்த சிகிச்சை என்று அவர்கள் நம்பிவிடுகிறார்கள். மெட்ஃபார்மின் விஷயத்தில் விலை குறைந்த இயந்திரம்தான் வேகமாக வேலை செய்கிறது. இதை அவர்களிடம் நாமாகவே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

நடுவில் இருக்கும் ஸ்லெட்டை நான் மிகவும் மதிக்கிறேன். வழக்கமான டயாலிசிஸ் இயந்திரத்தையே மெதுவாக்கி எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஓட்டுவது அது. நிமிடத்துக்கு 100 மில்லி என்று வைத்தாலும் எட்டு மணி நேரத்தில் 48 லிட்டர். சிஆர்ஆர்டியின் ஒரு முழு நாளைத் தாண்டிவிடுகிறது. வழக்கமான வேகத்தைக் கண்டிப்பாகத் தாங்க மாட்டார் என்று தோன்றினால் என் இரண்டாவது தேர்வு இதுதான். அதைவிட, முதல் சுற்று முடிந்த பிறகு தொடர இதைப்போல் வசதியானது வேறில்லை. ஏனென்றால் மெட்ஃபார்மின் ரத்தத்தில் மட்டும் இல்லை. சிவப்பணுக்கள், குடல், தசை என்று எங்கும் ஊறிக் கிடக்கும். ரத்தத்தைச் சுத்தம் செய்து இயந்திரத்தை நிறுத்தியதும் அங்கிருந்து மறுபடி கசிந்து வரும். அந்த அம்மாவுக்கு ஆறு மணி நேரத்தில் லாக்டேட் 6 ஆனது. நிறுத்திய நாலு மணி நேரத்தில் 9 ஆனது. அப்படி ஆகும் என்று தெரிந்ததால் பதறாமல் இரவு முழுக்க ஸ்லெட் போட்டோம். லாக்டேட் 3க்குக் கீழ், பிஹெச் 7.35க்கு மேல் வந்த பிறகு நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஏபிஜி பார்க்க வேண்டும்.

வென்டிலேட்டர் வைக்கும் அந்த ஐந்து நிமிடம்

டயாலிசிஸ் ஒப்பீட்டில் இது வராது, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. இப்படிப்பட்ட நோயாளி நிமிடத்துக்கு 36 முறை மூச்சு வாங்குவது களைப்பினால் அல்ல. அமிலத்தைக் கரியமில வாயுவாக வெளியே தள்ளித் தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். மூச்சு வாங்குகிறதே என்று மயக்க மருந்து கொடுத்துக் குழாய் போட்டு, வென்டிலேட்டரில் வழக்கம்போல் 14 என்று வைத்தால், 7.0இல் இருந்த பிஹெச் சில நிமிடத்தில் 6.8க்குப் போய் இதயம் நின்றுவிடும். நினைவு இருக்கிறது, வாந்தி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து இல்லை என்றால் டயாலிசிஸ் தொடங்கும்வரை குழாய் போடாமலே பார்க்கலாம். போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் அவர் எவ்வளவு வேகமாக மூச்சு விட்டாரோ அதே வேகத்தில் இயந்திரமும் விட வேண்டும்.

இங்கேயே வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

சென்னையில் பல சின்ன நர்சிங் ஹோம்களில் ஐசியூ இருக்கும், டயாலிசிஸ் இருக்காது. இருந்தாலும் இரவில் டெக்னீஷியன் இருக்க மாட்டார். அல்லது யூனிட் மூன்றாவது மாடியில் இருக்கும், ஐசியூ படுக்கைக்கு இயந்திரத்தைக் கொண்டுவர தண்ணீரைச் சுத்திகரிக்கும் நகரும் ஆர்ஓ இருக்காது. இதையெல்லாம் நோயாளி வந்த முதல் பத்து நிமிடத்தில் கேட்டுவிட வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்குள் இங்கே டயாலிசிஸ் தொடங்க முடியுமா? முடியாது என்றால், மாற்றுவதே சரி. பிபி நிலையாகட்டும், அப்புறம் அனுப்பலாம் என்பது முதலில் பார்த்த அதே பொறிதான், வேறு உருவத்தில் வருகிறது.

சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வடக்கே ஸ்டான்லி, நடுவில் கீழ்ப்பாக்கம், ஓமந்தூரார் வளாகம், தெற்கே கிண்டியில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை என்று அரசு மருத்துவமனைகளே ஒவ்வொரு திசையிலும் இருக்கின்றன. இரவு இரண்டு மணிக்கு ஜிஎஸ்டி சாலை காலியாக இருக்கும். காலை எட்டரைக்கு அதே தூரம் மூன்று மடங்கு நேரம் எடுக்கும். ராத்திரியே கிளம்புவதில் இந்த லாபமும் உண்டு. 108ஐக் கூப்பிடும்போதே வென்டிலேட்டர் வசதியுள்ள வண்டி வேண்டும் என்று சொல்ல வேண்டும். போகும் இடத்துக்கு முன்கூட்டியே போன் செய்து பிஹெச், லாக்டேட், கிரியாட்டினின், சிறுநீர் வருகிறதா, நார்அட்ரினலின் எவ்வளவு ஓடுகிறது, மாத்திரையின் முழுப் பெயர், இவற்றைச் சொன்னால் அங்கே இயந்திரம் தயாராக நிற்கும். கை பழகியவர் இருந்தால் டயாலிசிஸ் குழாயை இங்கேயே போட்டு அனுப்பலாம். அரை மணி நேரம் மிச்சம். டெல்லி எய்ம்ஸின் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற எண்ணில் எந்நேரமும் கேட்கலாம்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். மாத்திரையை வேண்டுமென்றே அதிகமாக விழுங்கியிருந்தால் அதை மறைக்காதீர்கள். போலீஸ் வரும், கேஸ் ஆகும் என்ற பயத்தில் “வயித்துவலின்னு சொன்னாரு” என்று மட்டும் சொல்லி, நாங்கள் செப்சிஸ் என்று நினைத்து ஒரு முழு இரவை இழந்ததுண்டு. மருத்துவமனை போலீசுக்குத் தகவல் சொல்வது வழக்கமான நடைமுறை. ஆனால் 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவர் கண் விழித்ததும் ஏன் செய்தாய் என்று சுற்றி நின்று கேட்க வேண்டாம். மனநல டாக்டர் ஐசியூவிலேயே வந்து பார்ப்பார். வீட்டில் யாருக்காவது அப்படிப்பட்ட எண்ணம் இருப்பதாகத் தோன்றினால் 104 அல்லது 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், எந்த நேரத்திலும்.

வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் மாத்திரைப் பெயர்களை ஒருமுறை யாராவது உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, அது பெரிய உதவி. தனியார் டாக்டரிடமும் காட்டுகிறவர்கள் அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். மருந்தின் பெயர் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து சாப்பிட முடியாத நாளில் மெட்ஃபார்மினை நிறுத்தலாமா என்று டாக்டருக்குப் போன் செய்து கேளுங்கள்.

அந்த அம்மாவுக்கு மூன்றாவது நாள் மூச்சுக்குழாயை எடுத்தோம். எட்டாவது நாள் சிறுநீர் 1,200 மில்லி வந்தது. வார்டுக்குப் போன பிறகு பார்க்கப் போனபோது, “அந்த மாத்திரைய இனிமே தொடவே கூடாதா டாக்டர்?” என்று கேட்டார். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழ் இருந்தால் கூடவே கூடாது. 45க்கு மேல் நிலையாக நின்றால் குறைந்த அளவில் யோசிக்கலாம். வீட்டுக்குப் போகும்போது அவருக்கு 41. இப்போதைக்கு இன்சுலின், மூன்று மாதம் கழித்து கிரியாட்டினின் பார்த்துவிட்டு மறுபடி பேசுவோம் என்று சீட்டில் எழுதி, மகளிடமும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லி அனுப்பினோம்.